எஞ்சின் மாற்றுமுன் எதை அளப்பது?

வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் முடிந்து பம்பு, வீடர் (களையெடுக்கும் இயந்திரம்), புல்வெட்டி எல்லாம் வெளியே வந்துவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு போடுவது பற்றியே கேட்கின்றன. எல்லோரும் ஹெச்.பி.யில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் அதைக் கடைசியில் பார்ப்போம்.

கேள்வி: தை மாதத்தில் கண்மாயிலிருந்து நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் இறைக்க 3 அங்குல பெட்ரோல் பம்பு வைத்திருக்கிறோம். கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க் கேஸில் ஓட்டை விழுந்துவிட்டது. பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய எஞ்சின் 5.5 ஹெச்.பி. அதற்குப் பதில் 7 ஹெச்.பி. போட்டால் தண்ணீர் கூடுதலாக வரும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், ஆர்.எஸ். மங்கலம்

பதில்: கடைக்குப் போகுமுன் பழைய எஞ்சினைப் பம்பிலிருந்து பிரித்து, ஷாஃப்ட்டைத் துடைத்து, வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்த அளவு எஞ்சின்களில் சாதாரணமாக வருவது 19.05 மி.மீ. ஷாஃப்ட், அதாவது முக்கால் அங்குலம். 20 மி.மீ. ஷாஃப்ட்டும் வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முக்கால் அங்குல புல்லி 20 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறாது. 20 மி.மீ. புல்லி முக்கால் அங்குல ஷாஃப்ட்டில் ஆடும். கீ (புல்லி வழுக்காமல் செருகும் கட்டை) போட்டு இறுக்கினாலும் சில நாளில் கீக்காடி, அதாவது அது உட்காரும் பள்ளம், தின்றுபோகும்.

உங்களுடையது மோனோபிளாக் பம்பாக இருந்தால், அதாவது பம்பு நேரடியாக எஞ்சின் முகத்திலேயே போல்ட் ஆகியிருந்தால், இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல பம்புகளில் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், ஷாஃப்ட்டிலேயே மரையில் திருகி உட்காரும். அப்படியானால் கீ உள்ள சாதாரண ஷாஃப்ட் எஞ்சின் உங்களுக்குப் பயன்படாது. அதே சி.சி., அதே கம்பெனி என்றாலும் பயன்படாது. கடையில் 'பம்பு ஷாஃப்ட் எஞ்சின்' என்று கேட்க வேண்டும். மரையின் அளவு, ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், எஞ்சின் முகத்திலுள்ள நான்கு போல்ட் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், பம்பு உட்காரும் வட்ட விளிம்பின் விட்டம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய எஞ்சினையே தூக்கிக்கொண்டு போங்கள். அதைவிடப் பத்திரமான அளவுகோல் கிடையாது.

இனி 7 ஹெச்.பி. விஷயம். ஸ்டிக்கரில் உள்ள ஹெச்.பி. எல்லாக் கம்பெனியிலும் ஒரே முறையில் அளந்ததல்ல. சிலர் ஏர் ஃபில்டர், சைலென்சர் எல்லாம் பொருத்தி நிகர பவரைச் சொல்வார்கள், சிலர் அவை இல்லாமல் அளந்த எண்ணை ஒட்டுவார்கள். காற்றில் குளிரும் ஓ.ஹெச்.வி. (வால்வு மேலே இருக்கும்) பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. சி.சி.யை 34ஆல் வகுத்தால், 3600 ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் நிகர ஹெச்.பி. ஏறத்தாழ வரும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்பது 163 சி.சி., கம்பெனி சொல்லும் நிகர பவர் 4.8 ஹெச்.பி. ஜிஎக்ஸ்200 என்பது 196 சி.சி., 5.5 ஹெச்.பி. '7 ஹெச்.பி.' என்று விற்கும் 212 சி.சி. எஞ்சின் இந்தக் கணக்கில் 6ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் ஊர் வெயிலில் அதிலும் ஒரு 4 சதவீதம் போகும். தொடர்ந்து மணிக்கணக்கில் ஓட வேண்டுமானால் மிச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் 196 சி.சி. எஞ்சினில் நம்பி எடுக்கக்கூடியது 4.5 ஹெச்.பி.

உங்களுக்குத் தேவை எவ்வளவு? நிமிடத்துக்கு 1000 லிட்டர் தண்ணீரை, குழாய் உராய்வையும் சேர்த்து மொத்தம் 10 மீட்டர் ஹெட்டுக்கு (ஏற்றும் உயரத்துக்கு) தள்ள, தண்ணீருக்கு மட்டும் 1.6 கிலோவாட் போகும். இந்த வகைப் பம்பின் திறனைப் பாதி என்று வைத்தால் எஞ்சின் 3.3 கிலோவாட் தர வேண்டும், அதாவது 4.4 ஹெச்.பி. கண்மாயிலிருந்து வயலுக்கு இறைப்பதில் பெரும்பாலும் 10 மீட்டர் வராது. ஹெட் குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ளப் பார்க்கும், ஆகவே சுமை கணக்கில் குறைவதுபோல் அப்படியே குறையாது. அப்படியும் 196 சி.சி. தாராளம்.

பெரிய எஞ்சின் போட்டால் தண்ணீர் கூடுமா என்றால், கூடாது. பம்பு எவ்வளவு தள்ளும் என்பதை இம்பெல்லரின் விட்டமும் அது சுற்றும் வேகமும்தான் தீர்மானிக்கின்றன. புதிய எஞ்சினும் அதே 3600இல்தான் சுற்றும். பெட்ரோல் மட்டும் கூடுதலாகப் போகும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகி வேகத்தைக் கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் பம்பு கேட்கும் பவர் 33 சதவீதம் கூடும். பல இடங்களில் கனெக்டிங் ராடு உடைவதற்கு இப்படித் திருகப்பட்ட கவர்னரோ, ஆயில் இல்லாமல் ஓட்டியதோதான் காரணம். உங்கள் பழைய எஞ்சினில் கவர்னர் ஸ்க்ரூவின் பெயின்ட் முத்திரை உடைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

163, 196 இரண்டிலும் அடிப்பாகத்து போல்ட் ஓட்டைகள் ஒரே இடத்தில்தான் வரும். ஷாஃப்ட் பொருந்தினால் 163க்குப் பதில் 196 வைப்பதில் சிக்கல் இல்லை. 270, 389 சி.சி.க்குப் போனால் அடிப்பாகமும் பெரிது, ஷாஃப்ட்டும் 1 அங்குலம் அல்லது 25 மி.மீ. ஆகிவிடும். அதற்கு ஃபிரேமையே மாற்ற வேண்டிவரும்.

பொருத்தும்போது, ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைப் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். இம்பெல்லருக்குப் பின்னால் மெல்லிய ஷிம் வாசர்கள் இருந்தால் எத்தனை இருந்தன என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பூட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேள்வி: ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா என்று எப்படி முடிவு செய்வது?
– வாசகர், பரமக்குடி

பதில்: ரிங், வால்வு, கார்ப்ரேட்டர், ஸ்பார்க் தரும் காயில் இவற்றோடு முடிகிற வேலை என்றால் ரிப்பேர் செய்யுங்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், இரும்பு லைனர் உள்ள எஞ்சின்களில் இது நன்றாகவே உழைக்கும். கிராங்க் ஷாஃப்ட்டும் போய்விட்டது, அல்லது கேஸ் உடைந்துவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். மொத்தச் செலவு புதிய எஞ்சின் விலையில் பாதியைத் தொட்டால் புதிதே மேல்.

கேள்வி: தென்னந்தோப்பில் புல் வெட்ட வாங்கிய 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் பிஸ்டன் பிடித்துவிட்டது (நகராமல் இறுகிவிட்டது). குழாய், கியர் ஹெட் எல்லாம் புதிதுபோல இருக்கிறது. அதில் 4 ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்ட முடியுமா? கடையில் குழாய் 26 மி.மீ.யா, 28ஆ, ஸ்ப்ளைன் (உள் ராடு முனையிலுள்ள பல்) 7 பல்லா, 9ஆ என்று கேட்கிறார்கள்.
– வாசகி, உச்சிப்புளி

பதில்: மாட்டலாம். கடைக்காரர் கேட்பது குழாயையோ உள் ராடையோ மாற்றுவதற்குத் தேவையான விவரம். நீங்கள் எஞ்சினை மட்டும் மாற்றுகிறீர்கள். பிரஷ் கட்டரில் எஞ்சின் ராடைத் தொடுவதே இல்லை. எஞ்சினில் இருக்கும் கிளட்ச் ஷூ, குழாய்ப் பக்கமுள்ள டிரம்மை உள்ளிருந்து பிடித்துச் சுற்றுகிறது. ஆகவே டிரம்மின் உள்விட்டமும், கிளட்ச் கூடு எஞ்சினில் பூட்டும் நான்கு போல்ட்டுகளின் இடமும் ஒத்துவந்தால் போதும். பெரும்பாலான 43, 52 சி.சி. கட்டர்களில் டிரம் 78 மி.மீ. 35 சி.சி. அளவிலுள்ள பல 4 ஸ்ட்ரோக் எஞ்சின்களும் அதே கூட்டுக்கு வரும்படிதான் செய்யப்படுகின்றன. கூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.

எஞ்சின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். 1இ40எஃப் (1E40F) என்றால் ஒரு சிலிண்டர், 2 ஸ்ட்ரோக், 40 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), காற்றில் குளிர்வது. இது 43 சி.சி. 1இ44எஃப் என்பது 52 சி.சி. நடுவில் 'இ' இல்லாமல் 139எஃப் என்றிருந்தால் 39 மி.மீ. போர் கொண்ட 4 ஸ்ட்ரோக். பம்பில் வரும் 168எஃப், வீடரில் வரும் 170எஃப் எல்லாம் இதே கணக்குத்தான்.

தேர்வு உங்கள் வேலையைப் பொறுத்தது. நைலான் கயிறு போட்டுத் தோப்பில் புல் வெட்டுவதற்கு 35 சி.சி. 4 ஸ்ட்ரோக் போதும். சத்தம் குறைவு, எண்ணெய் கலக்க வேண்டாம், பெட்ரோலும் மிச்சம். கட்டை விரல் பருமனுக்குச் சீமைக்கருவேல் துளிரைப் பல் பிளேடு போட்டு அறுக்க வேண்டுமானால் 52 சி.சி. 2 ஸ்ட்ரோக்கே நல்லது. 35 சி.சி. எஞ்சின் தரும் பவர் 1.3 ஹெச்.பி. அளவுதான், கருவேலில் திணறும். 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் வெறும் 100 மி.லி. பிடிக்கும். 20 மி.லி. குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஆகவே தினமும் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும், பழையது ஏன் பிடித்தது என்று தெரியாமல் புதியதை ஓட்டாதீர்கள். சைலென்சரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறியிருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றியிருக்கிறீர்கள். சைலென்சர் பக்கம் மட்டும் கீறல் என்றால் பெரும்பாலும் கலவை மெலிந்து அதிகமாகச் சூடாகியிருக்கிறது. கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டில் காற்று இழுத்திருக்கலாம், அல்லது கிராங்க் சீல் போயிருக்கலாம். எண்ணெய்க் கணக்கு இது: 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 40க்கு 1 என்றால் 25 மி.லி., 50க்கு 1 என்றால் 20 மி.லி. கம்பெனி எதைச் சொல்கிறதோ அதை 2டி ஆயிலில் அளந்து ஊற்றுங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம்தான் இந்தக் கட்டர்களைத் தின்கிறது.

கேள்வி: பழைய 5 ஹெச்.பி. தண்ணீர் குளிர்ச்சி டீசல் எஞ்சின், 1500 ஆர்.பி.எம். எஞ்சின் புல்லி 8 அங்குலம், பம்பு புல்லி 6 அங்குலம். இதை எடுத்துவிட்டுக் கையில் தூக்கக்கூடிய 5.5 ஹெச்.பி. பெட்ரோல் எஞ்சின் வைக்கலாமா? அதே புல்லியை லேத்தில் துளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், கடலாடி

பதில்: அந்தப் புல்லியைப் போடாதீர்கள். இப்போது உங்கள் பம்பு 1500 × 8 ÷ 6, அதாவது 2000 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது. புதிய எஞ்சினை 3000இல் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், அதே புல்லியில் பம்பு 4000 சுற்ற வேண்டும். வேகம் இரட்டிப்பானால் கேட்கும் பவர் எட்டு மடங்காகும். எஞ்சின் திணறி நிற்கும், அல்லது பெல்ட் வழுக்கி எரியும்.

2000 வேண்டுமானால் எஞ்சின் புல்லி 4 அங்குலம் இருக்க வேண்டும். ஆனால் பி பெல்ட் (ஏ பெல்ட்டைவிடப் பருமனானது) 5 அங்குலத்துக்குக் கீழே வளைந்தால் சீக்கிரம் வெடித்துவிடும். ஆகவே பம்பு புல்லியை 7.5 அங்குலமாக மாற்றி, எஞ்சினில் 5 அங்குலம் போடுங்கள். 3000 × 5 ÷ 7.5 = 2000, கணக்குச் சரி. பம்பு புல்லியை மாற்ற மனமில்லை என்றால் 4 அங்குலத்தில் இரண்டு ஏ பெல்ட் போடலாம்.

அடுத்தது எஞ்சின் அளவு. டீசல் எஞ்சினில் எழுதியிருக்கும் 5 ஹெச்.பி. நாள் முழுக்கத் தரக்கூடியது. பெட்ரோல் எஞ்சினில் எழுதியிருப்பது உச்சம். மேலும் 3000இல் ஓட்டும்போது 3600இல் தரும் உச்சமும் கிடைக்காது. 3000 ஆர்.பி.எம்.மில் 5 ஹெச்.பி. வேண்டுமானால் கிட்டத்தட்ட 12 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தேவை. ஜிஎக்ஸ்160 அளவு எஞ்சினின் உச்ச டார்க்கே 10.3தான். பெட்ரோல் என்றால் 270 சி.சி.க்குப் போக வேண்டும். காற்றில் குளிரும் டீசல் என்றால் 296 சி.சி. கொண்ட 178எஃப் வகையில் பாருங்கள். எங்கள் ஓட்டு டீசலுக்கே. முழுச் சுமையில் 5 ஹெச்.பி.க்கு டீசல் மணிக்கு 1.1 லிட்டர் அளவில் குடிக்கும், பெட்ரோல் ஒன்றரை லிட்டரைத் தாண்டும். விட்டுவிட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வாங்கலாம்.

புல்லியை எஞ்சின் முகத்துக்கு எவ்வளவு ஒட்ட வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்ட வையுங்கள். ஷாஃப்ட் நுனியில் மாட்டி பெல்ட்டை விண்ணென்று இழுத்துக் கட்டினால் பேரிங் போகும், சமயத்தில் ஷாஃப்ட்டே ஒடியும். பழைய எஞ்சின் தன் எடையிலேயே நின்றது. இது நிற்காது, ஆங்கிளில் ஃபிரேம் அடித்துப் போல்ட் போட வேண்டும். சுழலும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை எஞ்சின்கள் பெரும்பாலும் ஷாஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பம்பின் மேல் உள்ள அம்புக்குறிக்கு எதிராக வந்தால் எஞ்சினைப் பம்பின் மறுபக்கம் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும்.

கேள்வி: உப்பளத்தில் தண்ணீர் ஏற்ற வைத்த இரண்டு எஞ்சின் பம்புகளும் ஒரு சீசனுக்கு மேல் வரவில்லை. மூன்றாவதாக நல்ல கம்பெனி எஞ்சினாகச் சொல்லுங்கள்.
– வாசகர், வாலிநோக்கம்

பதில்: நீங்கள் மாற்ற வேண்டியது முதலில் பம்பை. சந்தையில் கிடைக்கும் இலகுவான எஞ்சின் பம்புகளின் உடம்பு அலுமினியம், நல்ல தண்ணீருக்கென்று செய்தது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் அதில் உள்ள இரும்பு போல்ட்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துக் குழி விழும். அந்த அரிப்பு மெக்கானிக்கல் சீல் உட்காரும் இடத்துக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் ஷாஃப்ட் வழியே கசியும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஒரு சிறு திறப்பு இருக்கும். அங்கே சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் தண்ணீர் கிராங்க் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போகும், ஆயில் வெளுத்து மோர் நிறத்துக்கு வரும், பேரிங் துருப்பிடிக்கும். உங்கள் இரண்டு எஞ்சின்களும் இப்படிப் போயிருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆயில் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வெண்கல இம்பெல்லர் உள்ள வார்ப்பிரும்புப் பம்போ, உப்புத் தண்ணீருக்கென்றே வரும் பிளாஸ்டிக் உடம்புப் பம்போ வாங்கி, எஞ்சினைத் தனியாக வைத்து பெல்ட்டிலோ கப்ளிங்கிலோ இணையுங்கள். சீல் போனாலும் எஞ்சின் தப்பும். எஞ்சின் கெட்டாலும் கீ ஷாஃப்ட் உள்ள எதையும் தூக்கி வைக்கலாம். வேலை முடிந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணீரை ஐந்து நிமிடம் பம்பு வழியாக ஓட்டிவிடுங்கள்.

எஞ்சின் பக்கமும் உப்பு தன் வேலையைக் காட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்புப் பொடியும் சேர்ந்து சிலிண்டர் ஃபின்களில் படிந்து இறுகும், காற்று போக வழி இல்லாமல் எஞ்சின் சூடேறும். மேல் கூட்டைக் கழற்றி மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள். வாங்கும்போதே ஸ்பாஞ்சும் பேப்பரும் சேர்ந்த இரட்டை ஏர் ஃபில்டர், அல்லது ஆயில் பாத் ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். ஒற்றை ஸ்பாஞ்சு கடற்கரை மணலுக்கு ஆகாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சினில் ஸ்பார்க் இல்லையென்றால் உடனே காயிலை வாங்காதீர்கள். ஃப்ளைவீலில் உள்ள காந்தமும் காயில் கால்களும் துருவேறியிருக்கும். எமெரித் தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.4 மி.மீ. வைத்தாலே பெரும்பாலும் நெருப்பு வந்துவிடும்.

கேள்வி: மீன் கடைக்கு வைத்திருக்கும் சிறிய ஜெனரேட்டரில் எஞ்சின் போய்விட்டது. பம்புக்கு வாங்கிய 196 சி.சி. எஞ்சின் சும்மா கிடக்கிறது. மாற்றிப் பூட்டலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பெரும்பாலும் முடியாது. ஜெனரேட்டர் எஞ்சினின் ஷாஃப்ட் கூம்பாகச் சரிந்திருக்கும். மின்சாரம் தரும் அல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டர் அந்தச் சரிவில் இறுகி, நடுவில் ஒரு நீண்ட போல்ட்டில் நிற்கும். பம்பு எஞ்சினில் அந்தச் சரிவு கிடையாது. லேத்தில் கடைந்து ஒப்பேற்றுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். மயிரிழை கோணினாலும் ரோட்டர் ஆடி, சுற்றியுள்ள ஸ்டேட்டரில் உரசும்.

சரியான ஷாஃப்ட்டோடு புதிய எஞ்சின் வாங்கினால் வேகத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு இந்தச் சிறிய ஜெனரேட்டர்கள் 3000இல் சுற்ற வேண்டும். புதிய எஞ்சினின் கவர்னர் 3600க்கு வைக்கப்பட்டிருந்தால் 60 ஹெர்ட்ஸ் வரும், வோல்டேஜும் ஏறும், ஃப்ரீசர் கம்ப்ரசர் புகைந்துவிடும். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டரை வைத்து, சுமை எதுவும் இல்லாமல் 52 வரும்படி கவர்னரைத் திருகுங்கள். சுமை ஏறியதும் 50க்கு வந்து நிற்கும். அதுவரை ஃப்ரீசரை இணைக்க வேண்டாம்.

கேள்வி: முண்டு மிளகாய்க்கு வரிசை நடுவே ஓட்டும் பவர் வீடரில் 212 சி.சி. எஞ்சின் புகை கக்குகிறது. கம்பெனி எஞ்சின் வாங்குவதா, சீன எஞ்சின் வாங்குவதா?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: வீடர் பெல்ட்டில் ஓடுகிறதா, நேரடி கியரிலா என்று முதலில் பாருங்கள். பெல்ட் என்றால் ஷாஃப்ட் விட்டமும் அடி ஓட்டைகளும் ஒத்த எந்த எஞ்சினும் பொருந்தும். நேரடி கியர் என்றால் எஞ்சின் முகமும் கிளட்சும் அந்தக் கியர்பாக்ஸுக்கென்றே செய்தவை. வேறு மாடல் எஞ்சினை அதில் உட்கார வைக்கப் பார்த்தால் செலவுதான் மிஞ்சும், வீடர் கம்பெனி தரும் அதே எஞ்சினை வாங்குங்கள்.

சீன எஞ்சின்கள் எல்லாமே மட்டம் இல்லை, எல்லாமே ஒன்றும் இல்லை. 163, 196 சி.சி. அளவுகளில் பிஸ்டன், கார்ப்ரேட்டர், காயில், கேஸ்கெட் பலவும் ஹோண்டா அளவிலேயே வருவதால் பாகத்துக்குத் திண்டாட வேண்டியதில்லை. 212 சி.சி.யில் போர் 70 மி.மீ., அதற்கு ஹோண்டா பிஸ்டன் வராது. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ரிங் செட், கனெக்டிங் ராடு, கார்ப்ரேட்டர் மூன்றும் கையிருப்பு உள்ள எஞ்சின் எதுவோ அதை வாங்குங்கள். விலை ஆயிரம் கூட இருந்தாலும் பரவாயில்லை. களையெடுப்பு நேரத்தில் பாகத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தால் அந்த ஆயிரம் கூலியாகப் போய்விடும்.

புகை எந்த நிறம் என்று எழுதவில்லை. கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர் கரிசல் தூசியில் அடைத்திருக்கும், எஞ்சினை மாற்றவே வேண்டாம். நீலம் என்றால் ரிங் அல்லது வால்வு. கியர்பாக்ஸும் தேய்ந்திருந்தால் எஞ்சினில் பணம் போடாமல் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு எட்டு விசாரியுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கும் துணை இயக்கத்தில் பவர் வீடரை முழு இயந்திரமாக வாங்கினால் 40 முதல் 50 சதவீதம் வரை உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் மேல் விகிதம்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சினில் ஸ்டார்ட் செய்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: அதற்கென்று செய்த எஞ்சினில் மட்டும். அதில் கம்ப்ரஷன் குறைத்து வைத்திருப்பார்கள். 8.5, 9 கம்ப்ரஷன் உள்ள பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டும் சத்தம் போடும், எரியாத மிச்சம் ரிங் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

கேள்வி: புதிய எஞ்சின் வாங்கி முதல் நாளே பிடித்துவிட்டது. வாரண்டி இல்லை என்கிறார்கள். என்ன தவறு நடந்திருக்கும்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஆயில். 4 ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெரும்பாலும் பெட்டியில் ஆயில் இல்லாமல்தான் வருகின்றன. 163, 196 சி.சி.க்கு 600 மி.லி., 270, 389 சி.சி.க்கு 1.1 லிட்டர், 10டபிள்யூ-30 வகை ஆயில் ஊற்ற வேண்டும். அளவுக்குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டிய எஞ்சின்கள் உண்டு. திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, குறைவான ஆயிலையும் நிறைவாகக் காட்டும். ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சென்சார் பல மாடல்களில் இருக்கிறது. சரிவில் வைத்தால் அடிக்கடி நிற்கிறது என்று அந்த மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். உங்களுடையதில் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் பேசுங்கள். ஒயர் மாட்டியிருந்து, ஆயிலும் இருந்து, அப்படியும் பிடித்திருந்தால் வாரண்டி கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்த எஞ்சினில் முதல் சில மணி நேரம் பாதிச் சுமையில் ஓட்டி, 20 மணி நேரத்தில் முதல் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். உலோகப் பொடியெல்லாம் அதோடு வந்துவிடும். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. உப்புக் காற்றில் நிற்கும் எஞ்சினுக்கு 50 மணி நேரம் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல சிறு எஞ்சின் கையேடுகள் அனுமதிப்பது 10 சதவீதம்தான். கடலோர ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கார்ப்ரேட்டர் அடியில் வெள்ளைப் படலமாக நிற்கும். அரைக்கேனில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேங்கின் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிட்டால், அடுத்த சீசனில் ஜெட் அடைப்பு எடுக்க மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்காது.